நான்காவது சக்கரத்துக்கு என்ன கிடைக்கிறது? மின்சார ஆஃப்-ரோடு எஸ்யூவிகள்: வந்தவையும் வரப்போகிறவையும்

மின்சார ஆஃப்-ரோடு வண்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பேச்சு எச்பி கணக்கில் போய் நிற்கிறது. 100 கி.மீ. வேகத்தைத் தொட எத்தனை நொடி, மொத்தம் எத்தனை குதிரைத்திறன் என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். பாறை மேட்டில் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு இந்த இரண்டு எண்களாலும் பயனில்லை. அங்கே கேட்க வேண்டியது வேறு. மூன்று சக்கரம் பிடிமானம் இழந்து நிற்கும்போது நான்காவது சக்கரத்துக்கு எவ்வளவு முறுக்குவிசை போகிறது? அதை மோட்டார் எத்தனை நேரம் சூடேறாமல் தாங்கும்? மெர்சிடிஸ் ஜி 580, ரிவியன் ஆர்1எஸ், ஜீப் ரீகான், ஸ்கவுட் டிராவலர் ஆகிய நான்கையும் இந்த அளவுகோலில்தான் இங்கே எடைபோட்டிருக்கிறேன். முதல் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள். ரீகானும் டிராவலரும் நிறுவனங்கள் வெளியிட்ட விவரங்களின் அடிப்படையில்.

சக்கரத்துக்கு ஒரு மோட்டார் வைத்தால் டிஃபரன்ஷியலே (ஒரே ஆக்சிலின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்து, வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர்) தேவையில்லை, லாக்கரும் (அந்த இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது) தேவையில்லை என்பது பரவலான நம்பிக்கை. பாதிதான் சரி. நான்கு மோட்டார் வண்டியில் காற்றில் தொங்கும் சக்கரத்தின் மோட்டார் அந்த நேரத்தில் சும்மா இருக்கும். அதன் பலத்தைத் தரையில் நிற்கும் சக்கரத்துக்கு மாற்றிக் கொடுக்க வழி கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் தன் மோட்டாரை மட்டுமே நம்பியிருக்கிறது. ஆக்சிலுக்கு ஒரு மோட்டாரும் இயந்திர லாக்கரும் உள்ள வண்டியில், ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் அந்த ஆக்சிலின் முழு விசையும் மறு சக்கரத்துக்குப் போகும். லாக்கர் இல்லாமல் வெறும் இரண்டு மோட்டார் என்றால், சுழலும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்துத்தான் மறுபக்கம் விசை அனுப்ப முடியும். பிரேக்கில் வீணாகும் அளவுதான் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். கால் மணி நேரம் இப்படி ஓட்டினால் டிஸ்க் கொதிக்கும்.

முதலில் ஜி 580. 2024 ஏப்ரலில் அறிமுகமானது. நான்கு மோட்டார், ஒவ்வொன்றும் 108 கிலோவாட், மொத்த முறுக்குவிசை 1164 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மோட்டாருக்கு 291. இந்த 291 போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் எடை 3085 கிலோ. 30 டிகிரி சரிவில் அதை மேலே தள்ள எடையில் பாதி, சுமார் 1540 கிலோ விசை வேண்டும். இரண்டு சக்கரத்துக்கு மட்டும் பிடிமானம் இருந்தால் ஒவ்வொன்றும் 770 கிலோ தள்ள வேண்டும். டயரின் ஆரம் 0.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சக்கரத்தில் ஏறக்குறைய 3000 நியூட்டன் மீட்டர் தேவை. 291-ஐ 3000 ஆக்கப் பத்து மடங்குக்கு மேல் கியர் குறைப்பு வேண்டும். அப்படியும் மோட்டார் தன் உச்சத்திலேயே நின்று உழைக்கும்.

அதனால்தான் மெர்சிடிஸ் ஒவ்வொரு மோட்டாருடனும் இரண்டு வேக கியர்பாக்ஸ் வைத்து, 2:1 விகிதத்தில் உண்மையான லோ-ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கூடுதல் கியர்) கொடுத்திருக்கிறது. அதே ஏற்றத்துக்கு மோட்டார் பாதி விசை கொடுத்தால் போதும். மின்னோட்டமும் பாதியாகும். செம்புச் சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் அது கால் பங்காகிவிடும். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும் ஜி-டர்ன் எல்லோர் கண்ணையும் இழுக்கிறது. ஆனால் வண்டியைக் காப்பாற்றப்போவது இந்தச் சின்ன கியர்பெட்டிதான்.

ஏணிச் சட்ட சேஸிஸ், அதற்குள் 116 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரி, அடியில் கார்பன் கலவையால் ஆன 26 மி.மீ. தடிமன் தகடு. தரை இடைவெளி 250 மி.மீ. தண்ணீரில் 850 மி.மீ. ஆழம் வரை இறங்கலாம். என்ஜின் வைத்த ஜி கிளாஸைவிட 150 மி.மீ. கூடுதல். குறை எடைதான். மூன்று டன்னைத் தாண்டிய வண்டி ஈரமான புல் சரிவில் பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்தால் எந்த மென்பொருளாலும் நிறுத்த முடியாது.

ரிவியன் ஆர்1எஸ் வேறு வழியில் போகிறது. லோ-ரேஞ்ச் கிடையாது, ஒரே கியர். அதற்குப் பதிலாக ஏர் சஸ்பென்ஷன் தரை இடைவெளியை ஏறக்குறைய 380 மி.மீ. வரை உயர்த்திவிடும். வண்டி சாயாமல் இரு பக்கச் சக்கரங்களையும் பிணைக்கும் ஸ்டெபிலைசர் பார் இல்லாமல், இடம் வலம் டாம்பர்களை (அதிர்வைத் தணிக்கும் உருளைகள்) ஹைட்ராலிக் குழாய்களால் இணைத்திருக்கிறார்கள். கரடுமுரடான தரையில் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்க இது அருமையாக உதவுகிறது. மணல், சரளை, ஆற்றுப்படுகை எல்லாவற்றிலும் இதன் நான்கு மோட்டார் வடிவம் வேகமாகவும் நிதானமாகவும் ஓடுகிறது.

ஆனால் முழு உயரத்தில் வைத்து ஓட்டும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சஸ்பென்ஷன் ஏற்கெனவே மேலே நீண்டு நிற்பதால், சக்கரம் பள்ளத்துக்குள் கீழே இறங்க மிச்ச தூரம் குறைவு. ஆகவே சக்கரம் சீக்கிரமே காற்றில் தொங்கும். இரண்டாவது, ஆக்சில் ஷாஃப்டின் சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) கூர்மையான கோணத்தில் வேலை செய்யும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, தேங்கிய சக்கரத்துக்குச் சட்டென்று முழு விசை கொடுத்தால் முதலில் உடைவது அதுதான். மின்சார மோட்டாருக்கு விசை ஏற நேரமே ஆகாது என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். தடை தாண்டும்போது மட்டும் முழு உயரம், மற்ற நேரத்தில் ஒரு படி கீழே. அப்படி ஓட்டினால் ஷாஃப்ட் நீண்ட நாள் வரும்.

ஜீப் ரீகானை 2025 நவம்பரில் காட்டினார்கள். 100 யூனிட் பேட்டரி, இரண்டு மோட்டார், 650 குதிரைத்திறன், 840 நியூட்டன் மீட்டர். கதவுகளைக் கழற்றலாம். மோவாப் என்ற வடிவத்தில் 33 அங்குல டயர், பின் ஆக்சிலில் மின்னணு லாக்கர், பின்பக்கம் 15:1 கியர் குறைப்பு. இந்த 15:1 நல்ல முடிவு. வழக்கமான மின்சாரக் கார்களில் 9 முதல் 11 வரைதான் பார்க்கிறோம். லோ-ரேஞ்ச் பெட்டி இல்லாமலேயே ஊர்ந்து ஏறும் திறனை இப்படிக் கூட்டியிருக்கிறார்கள். என் மனக்குறை இரண்டு. முன் ஆக்சிலில் லாக்கர் இல்லை. செங்குத்தான படிக்கட்டுப் பாறையில் முன்சக்கரம் ஒன்று தூக்கினால் பிரேக்கை நம்பித்தான் ஏற வேண்டும். அடுத்து, தூரம். மோவாப் வடிவத்துக்கு நிறுவனம் சொல்வதே ஏறக்குறைய 370 கி.மீ. மணலிலும் சேற்றிலும் அதில் பாதி கிடைத்தால் பெரிது. சார்ஜர் பக்கத்தில் உள்ள பூங்காத் தடங்களுக்கு இது சரியான வண்டி. இரண்டு நாள் காட்டுவழிக்கு யோசிக்க வேண்டும்.

நான்கில் அதிகம் எதிர்பார்ப்பது ஸ்கவுட் டிராவலரை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஆதரவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் பழைய ஸ்கவுட் பெயர் திரும்பி வருகிறது. 2024 அக்டோபரில் காட்டிய மாதிரியின் பட்டியலைப் பாருங்கள்: தனிச் சட்ட சேஸிஸ், பின்னால் திட ஆக்சில் (இரு சக்கரத்தையும் ஒரே தண்டில் இணைப்பது), முன்னும் பின்னும் இயந்திர லாக்கர், கழற்றிவிடக்கூடிய முன் ஸ்டெபிலைசர் பார், 35 அங்குல டயர் வரை இடம். ஆஃப்-ரோடு ஆட்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஏறக்குறைய இதுதான். திட ஆக்சிலின் பயன் எளிமையானது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் சுதந்திர சஸ்பென்ஷனில் சக்கரங்கள் மேலே அழுந்தும்போது வண்டியின் அடிவயிறு தரையை நோக்கி இறங்குகிறது. திட ஆக்சிலில் டிஃபரன்ஷியலின் அடியில் உள்ள இடைவெளி குறையவே குறையாது. எங்கே பாறை இடிக்கும் என்பது ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரியும்.

மின்கலத்தில் மட்டும் ஏறக்குறைய 560 கி.மீ., ஹார்வெஸ்டர் என்ற பெட்ரோல் ஜெனரேட்டருடன் 800 கி.மீ. என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த என்ஜின் சக்கரத்தைச் சுழற்றாது, மின்சாரம் மட்டும் தயாரிக்கும். ஜெனரேட்டர் வைத்தால் மின்சார வண்டியே இல்லை என்று வாதாடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சார்ஜர் இல்லாத இடத்துக்குப் போவதற்குத்தானே இந்த வகை வண்டி? கேனில் பெட்ரோல் எடுத்துப் போகலாம், மின்சாரத்தை அப்படிச் சுமக்க முடியாது. ஆனால் நீண்ட ஏற்றத்தில் சுமை இழுக்கும்போது ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தைவிட மோட்டார் குடிப்பது அதிகமாக இருக்கும். பேட்டரி காலியாகும் வரை காத்திருக்காமல், ஏற்றத்துக்கு வெகு முன்பே என்ஜினை ஓடவிட்டு இருப்பைச் சேர்த்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று டெலிவரி எடுக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. ஹம்மர் இவி நான்கு டன்னைத் தாண்டுகிறது. அதன் நண்டு நடை (நான்கு சக்கரமும் ஒரே பக்கம் திரும்பிச் சாய்வாக நகர்வது) குறுகிய தடத்தில் உண்மையிலேயே உதவும், எடை மற்ற எல்லா இடத்திலும் தொந்தரவு தரும். பிஒய்டி குழுமத்தின் யாங்வாங் யு8 தண்ணீரில் மிதப்பது அவசர காலத்துக்கான வசதி மட்டுமே. மிதந்த வண்டியைப் பிறகு பட்டறையில் முழுக்கப் பரிசோதிக்காமல் ஓட்டக்கூடாது. மஹிந்திரா 2023 ஆகஸ்டில் காட்டிய தார்.இ இன்றும் கான்செப்ட் என்ற அளவிலேயே பேசப்பட வேண்டியது. ரிவியன் ஆர்2-வில் ஏர் சஸ்பென்ஷன் இல்லை. மண்சாலைக்குப் போதும், பாறைக்கு ஆர்1எஸ்தான்.

எந்த வண்டி வாங்கினாலும் சில விஷயங்கள் பொது. மலை உச்சியில் முகாமிட்டு அங்கேயே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. நிறைந்த பேட்டரி ரீஜென் மின்சாரத்தை (வேகம் குறையும்போது மோட்டார் திருப்பித் தருவது) ஏற்காது. ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி பிடித்து நிற்கும் என்று பழகிய கால், அன்று ஏமாறும். மூன்று டன் வண்டி 1000 மீட்டர் இறங்கினால் 8 யூனிட் அளவு ஆற்றல் திரும்பி வரப் பார்க்கும். 116 யூனிட் பேட்டரியில் அது 7 சதவீதம். 85 முதல் 90 சதவீதத்தில் புறப்பட்டால் இறக்கம் முழுக்க ரீஜென் கிடைக்கும்.

ஊர்ந்து போகும் நாளில் மோட்டாரைவிட ஏசி அதிகம் தின்னலாம். ஏசியும் குளிரூட்டும் பம்புகளும் சேர்ந்து 2 கிலோவாட் என்றால் ஆறு மணி நேரத்தில் 12 யூனிட். வண்டி அன்று முப்பது கிலோமீட்டர்தான் நகர்ந்திருக்கும். மீட்டரில் காட்டும் மிச்ச தூரத்தை அந்த நாளில் நம்பக்கூடாது, மணிக்கு எத்தனை சதவீதம் குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு முன்னெச்சரிக்கை. சூடான மோட்டார் பெட்டி குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பெட்டிக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால் இது நடக்க வாய்ப்பு அதிகம். ஆற்றங்கரையில் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிட்டு இறக்குங்கள். சேற்றில் ஓட்டிய பிறகு ஸ்கிட் பிளேட்டை (அடிப்பாதுகாப்புத் தகடு) கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே அடைந்த மண்ணைக் கழுவ வேண்டும். காய்ந்து இறுகிய மண் ஈரத்தைப் பிடித்து வைத்து போல்ட்டையும் கனெக்டரையும் அரிக்கும். ரேடியேட்டர் முன்னால் ஒட்டிய சேற்றையும் விடாதீர்கள். அது அடைத்தால் மோட்டார் தானாகவே விசையைக் குறைத்துக்கொள்ளும்.

வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி) வாங்கும்போது பழைய ஜீப்புக்கான அளவை எடுக்க வேண்டாம். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 3500 கிலோ என்றால் வின்சுக்கு அதன் ஒன்றரை மடங்கு, 5250 கிலோ திறன் வேண்டும். 12,000 பவுண்டு வின்ச் 5440 கிலோ இழுக்கும், அதுவும் டிரம்மில் கயிற்றின் முதல் அடுக்கில் மட்டும். மேல் அடுக்குகளில் திறன் கணிசமாகக் குறையும். கயிற்றை முடிந்தவரை வெளியே இழுத்துவிட்டு, ஸ்னாட்ச் பிளாக் (கப்பி) போட்டு இரட்டை வடமாக்கினால்தான் பாதுகாப்பு. டயரில் லோடு இண்டெக்ஸ் (சுமை தாங்கும் எண்) 115-க்குக் கீழே போகக்கூடாது. 115 என்றால் ஒரு டயருக்கு 1215 கிலோ. காற்றை இறக்கும்போது இலகுவான ஜீப்புக்கு வைக்கும் 15 பிஎஸ்ஐ இங்கே வேண்டாம். பாறைக்கு 22 முதல் 25, மென்மணலுக்கு 18 முதல் 20 என்று வைத்து மெதுவாக ஓட்டுங்கள். அதற்குக் கீழே போனால் பக்கச்சுவர் மடிந்து ரிம் அதைக் கிழித்துவிடும்.

டெஸ்ட் டிரைவில் நேர்ச்சாலையில் வேகம் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு சரிவைக் கேட்டு வாங்கி, பாதியில் நிறுத்தி மீண்டும் நகர்த்துங்கள். பிரேக்கில் இடது கால் வைத்து ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். இரண்டு பெடலும் ஒன்றாக அழுந்தினால் விசையை முழுக்கத் துண்டிக்கும் வண்டிகள் உண்டு. பாறையில் அது பெரிய இடைஞ்சல். ஏற்றத்தில் வண்டியை ஆக்சிலரேட்டரால் தாங்கி நிறுத்திவைக்கவும் கூடாது. சுழலாமல் நிற்கும் மோட்டாரில் மின்னோட்டம் முழுவதும் ஓரிரு சுருளிலேயே பாய்ந்து இன்வெர்ட்டரை (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பாகம்) சுட்டுவிடும், சில நொடியில் விசை விழும். பிரேக் ஹோல்டைப் போட்டு நிற்பதுதான் முறை. பிறகு கீழே குனிந்து இழுவைக் கொக்கிகள் சேஸிஸில் பொருத்தப்பட்டிருக்கின்றனவா, பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் திருகிப் பொருத்தும் சின்ன வளையமா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் மூன்று டன்னைச் சேற்றிலிருந்து பிடுங்க அது தாங்காது. கடைசியாக 12 வோல்ட் பேட்டரி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி விழிக்காது, பார்க்கிங் பிரேக்கும் விடுபடாது. வெளியிலிருந்து ஜம்ப் கொடுக்கும் முனை எங்கே என்று தெரிந்துகொண்டு, ஒரு ஜம்ப் பேக்கையும் கூடவே வைத்திருங்கள்.