12,500 ரூபாய் புரொஜெக்டரும் அப்பாவின் எட்டு முழ வேட்டியும்

2024 மே மாதம், ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டியான யூரோ கோப்பை தொடங்க ஒரு மாதம் இருந்தபோது, 12,500 ரூபாய்க்கு ஒரு புரொஜெக்டர் வாங்கினேன். எங்கள் வீட்டு டிவி 32 அங்குலம். அதில் கால்பந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் எறும்பு ஊர்வதுபோலத் தெரிவார்கள். பந்து யார் காலில் இருக்கிறது என்பதை அவர் ஓடும் விதத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பத்து வயதிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியவள் நான். மைதானம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்ற ஆசை 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் ஒட்டிக்கொண்டது. இந்தியக் கால்பந்து லீகான ஐ-லீகின் கடைசி ஆட்டம். சென்னை சிட்டி அணி ஜெயித்தால் சாம்பியன். எதிரணியான மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட, கேலரியே வாயடைத்துப்போனது. பிறகு பெட்ரோ மான்சி ஒன்று, கௌரவ் போரா இரண்டு, 3–1. போரா தற்காப்பு ஆட்டக்காரர். பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அணி இன்று ஐ-லீகில் இல்லை. எங்கள் ஊரில் அந்தத் தரத்தில் ஆட்டம் பார்த்து வருடங்கள் ஆகின்றன. மிச்சம் இருப்பது திரை மட்டும்தான் என்றால் அது பெரிய திரையாக இருக்கட்டும் என்று தோன்றியது.

நான் வாங்கிய பெட்டியின் பெயரை எழுதவில்லை. ஒரே மாதிரியான பெட்டிகள் ஏழெட்டுப் பெயர்களில் கிடைக்கின்றன. 10,000 முதல் 15,000 ரூபாய் வரையிலான எல்சிடி வகைகளுக்கு இங்கே சொல்வது பெரும்பாலும் பொருந்தும். 14 மாதம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். அட்டைப் பெட்டியின் மேல் 9,000 லூமென் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 300 ஆன்சி லூமென் என்று பொடி எழுத்தில் இருந்தது. வாங்குகிறவர்கள் இரண்டாவது எண்ணை மட்டும் பாருங்கள். திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விழும் வெளிச்சத்தை அளந்து சராசரி எடுப்பது ஆன்சி முறை. முதல் எண்ணுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது. 300 என்பது நன்றாக இருட்டிய பிறகுதான் வேலை செய்யும். இங்கிலாந்து பிரீமியர் லீகில் சனிக்கிழமையின் முதல் ஆட்டம் ஆகஸ்ட், செப்டம்பரில் நமக்கு மாலை 5 மணிக்குத் தொடங்குகிறது. மொட்டை மாடியில் அதைப் பார்க்கவே முடியாது. பச்சைப் புல் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய கறைதான் தெரியும். இரவு 7.30 ஆட்டத்துக்குக் குறை சொல்ல முடியாது.

அடுத்து திரை. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் காட்டிப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த தூரிகைத் தடம் ஒவ்வொன்றும் ஆட்டக்காரர்களின் முகத்தில் விழுந்தது. விற்பனைக்கு இருக்கும் திரைத்துணியோ 3,000 ரூபாய்க்குக் குறையவில்லை. அப்போதுதான் அப்பாவின் எட்டு முழ வேட்டி கண்ணில் பட்டது. 100 அங்குலப் படம் என்பது ஏழேகால் அடி அகலம், நான்கு அடிக்கு ஓர் அங்குலம் கூடுதலான உயரம். வேட்டியின் அகலம் நான்கு அடி இரண்டு அங்குலம்! நூல் பிடித்ததுபோல் பொருந்தியது. மெல்லிய கரை என்பதால் அது படத்தின் விளிம்பிலேயே மறைந்துவிட்டது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டால் பாதி வெளிச்சம் துணி வழியாகப் பின்னால் போய்விடும். சுவரை ஒட்டினாற்போல் இழுத்துக் கட்டினால் சுவரின் வெள்ளை அதைத் திருப்பி அனுப்புகிறது. ஒன்பதரை அடி தள்ளி ஒரு நாற்காலி, அதன்மேல் இரண்டு செங்கல், அதன்மேல் பெட்டி. சாய்த்து வைத்துவிட்டு கோணலாக விழும் படத்தைச் சரிசெய்யும் கீஸ்டோன் திருத்தத்தில் நேராக்கிக்கொள்ளலாம் என்கிறது கையேடு. அப்படிச் செய்தால் மூலையில் ஸ்கோர் எழுத்துகள் மங்குகின்றன. நேருக்கு நேர் வைப்பதே நல்லது.

யூரோ இறுதி ஆட்டம் ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும். நமக்கு ஜூலை 15, நள்ளிரவு 12.30. ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது, ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. முதல் பாதியில் வேட்டி பாய்மரம்போல உப்பி, கோல் கம்பம் இரண்டும் வில்லாக வளைந்தன. தம்பி ஓடிப்போய் நான்கு செங்கல் கொண்டுவந்து அடியோரத்தில் சுருட்டி வைத்தான். இடைவேளை முடிந்து இரண்டாவது நிமிடம். வலது ஓரத்திலிருந்து லாமின் யமால் உள்ளே வெட்டி வந்து தள்ளிக்கொடுத்த பந்தை, இடது பக்கம் ஆளில்லாமல் ஓடிவந்த நிக்கோ வில்லியம்ஸ் ஒரே தட்டில் வலைக்குள் அனுப்பினார். யமாலுக்கு முந்தின நாள்தான் 17 வயது நிறைந்திருந்தது. சிறிய டிவியாக இருந்தால் எனக்கு யமால் மட்டும்தான் தெரிந்திருப்பார். வேட்டியில் நிக்கோ முன்கூட்டியே ஓடத் தொடங்கியதைப் பார்த்தேன். பந்து வரும் முன்பே நான் எழுந்து நின்றுவிட்டேன். இந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு நொடியிலேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

கால்பந்தில் என் பிரியம் என்றைக்கும் ஓரத்து ஆட்டக்காரர்கள் மேல்தான். நடுவில் பத்து பேர் பந்தைப் பின்னுக்குப் பின்னுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. கோட்டை ஒட்டி ஒருவர் எதிராளியை நேருக்கு நேர் சந்திக்கும்போது மைதானமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் ஆட்டம் பார்க்கிறேன். 2022 உலகக் கோப்பை இறுதியில் எல்லோரும் மெஸ்ஸியையும் எம்பாப்பேயையும் பேசுகிறார்கள். எனக்கு அது டி மரியாவின் இரவு. 36ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் இரண்டாவது கோல்: மெஸ்ஸி தொட்டுவிட, அல்வாரஸ் முன்னே நீட்ட, மக் அலிஸ்டர் குறுக்கே கொடுக்க, இடது ஓரத்தில் டி மரியா. யார் புதிதாக டிவி வாங்கினாலும், புரொஜெக்டர் வாங்கினாலும் நான் முதலில் போட்டுப் பார்ப்பது இந்தக் கோலைத்தான். என் பெட்டியில் உள்ள செயலி வழியாகப் பார்த்தபோது அல்வாரஸுக்கும் மக் அலிஸ்டருக்கும் இடையில் பந்து காணாமல் போய், சற்றுத் தள்ளி மறுபடி முளைத்தது. அதே கோலை லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வயரில் அனுப்பியபோது பந்து வழுக்கிக்கொண்டு போனது கண்ணுக்குத் தெரிந்தது. ஆக, குறை பெட்டிக்குள் இருக்கும் செயலிகளில்தான். சில ஓடிடி செயலிகள் இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு முழுத் தரத்தில் படம் தருவதும் இல்லை. வெளியிலிருந்து செயலிகள் உள்ள ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கையோ செட்டாப் பாக்ஸையோ செருகிவிடுங்கள்.

நேரலை ஆட்டத்துக்கு செட்டாப் பாக்ஸ்தான் என் தேர்வு. இணையம் வழியாக வருவது அரை நிமிடம்வரை பின்தங்குகிறது. அரையிறுதி ஒன்றில் அடுத்த தெருவில் பையன்கள் கூச்சலிட்டார்கள். எங்கள் திரையில் அப்போதுதான் ஒருவர் கோல்கீப்பரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அவர் உதைப்பதற்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய அநியாயம் ஒரு ரசிகைக்கு இல்லை.

இனி சினிமா. இங்கேதான் பெட்டி தடுமாறியது. முதல் வாரமே நாயகன் போட்டோம். 1987 தீபாவளிக்கு வந்த படம், பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு. முகத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வெளிச்சம் விட்டு, மறுபக்கத்தை இருட்டிடம் கொடுத்துவிடுகிற துணிச்சல் அவருடையது. அதற்குத் தேசிய விருதும் வாங்கினார். இருட்டு இருட்டாகவே இருந்தால்தான் அந்தப் பாதி முகத்துக்கு அர்த்தம். என் பெட்டியோ கறுப்பைச் சாம்பலாக்கிவிட்டது. எல்சிடி தகடு விளக்கின் ஒளியை முழுதாகத் தடுப்பதில்லை, கசிகிறது. மழை பெய்த இரவில் தெருவிளக்கு வெளிச்சம் ஓட்டுக்கூரையில் படிந்ததுபோல ஒரு பூச்சு படம் முழுக்க.

அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஏன் கண்ணு, கமல் மூஞ்சியில் சாம்பல் பூசி வைத்திருக்கிறார்களா?"

"இல்லை அம்மிச்சி, பெட்டி அப்படிக் காட்டுகிறது."

"அப்படியானால் கொஞ்சம் விளக்கைக் குறை."

நான் மாடி விளக்கைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டியின் விளக்கைத்தான் சொன்னார். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, "சினிமா" என்ற நிற அமைப்புக்கு மாற்றியதும் சாம்பல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. கால்பந்துக்கு முழு வெளிச்சம், இருட்டுப் படத்துக்குப் பாதி. இந்த ஒரு பாடத்தை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை. ஆனாலும் உண்மையான கறுப்பு வரவே இல்லை. அது வேண்டுமென்றால் தியேட்டருக்குத்தான் போக வேண்டும், அல்லது பல மடங்கு விலை கொடுக்க வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முள்ளும் மலரும் போட்ட இரவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாலு மகேந்திரா சிருங்கேரிப் பக்கத்தில் இயற்கை ஒளியில் எடுத்த மலையும் பனியும் வேட்டியில் இறங்கியபோது, துணியின் நெசவுகூட அந்தப் பனிக்கு உதவி செய்தது. பழைய படங்களைத் தேய்த்துத் துடைத்துப் பளபளப்பாக்கி வெளியிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. பிலிமின் பொடிமணல் போன்ற அசைவு போய்விட்டால் முகங்கள் மெழுகாகிவிடுகின்றன. இந்தப் பெட்டியில் அசைவை மழுமழுப்பாக்கும் அமைப்பு ஒன்று தொடக்கத்திலேயே இயக்கத்தில் இருந்தது. படம் பார்க்க உட்காரும் முன் அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ரஜினியின் நடை சீரியல் நடிகரின் நடையாகிவிடும்.

இசை விஷயத்தில் எனக்குச் சமாதானமே இல்லை. உள்ளே இருப்பவை 5 வாட் ஸ்பீக்கர்கள் இரண்டு. "இளைய நிலா பொழிகிறது" போட்டுப் பார்த்தேன். தொடக்கத்துக் கிட்டார் துல்லியமாக வந்தது. எஸ்.பி.பி. குரல் வந்தது. அவற்றுக்குக் கீழே தாழ்ந்த சுருதியில் நடக்க வேண்டிய பேஸ் கிட்டாரைக் காணவில்லை. 80களின் இளையராஜாவைக் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். அவரது பேஸ் தாளத்தோடு ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. பாட்டுக்குக் கீழே அது தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு, குரல் ஏறும்போது இறங்கி, குரல் நிற்கும்போது நடந்து, பல்லவி திரும்பும் இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். அதை எடுத்துவிட்டால் பாட்டின் பாதி உடம்பு போய்விட்டது. எம்.எஸ்.விஸ்வநாதன் பாடல்கள் இந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் தப்பித்துவிடுகின்றன. அவற்றில் உயிர் குரலிலும் வயலினிலும் இருக்கிறது. ரகுமானின் தாழ்ந்த தாள ஒலிகள் இதில் அட்டைப் பெட்டியைத் தட்டும் சத்தமாகின்றன. நாயகன் இளையராஜாவின் 400ஆவது படம். படமும் சாம்பல், பாட்டும் மெலிவு என்று அந்த ராத்திரி எனக்கு மனசே ஆறவில்லை.

மறுநாள் வீட்டில் இருந்த புளூடூத் ஸ்பீக்கரை இணைத்தேன். பேஸ் வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. கச்சேரி ஒன்றில் மிருதங்கக்காரரின் கை தோலில் பட்டு எழுந்த பிறகு சத்தம் கேட்டது. கால்பந்தில் பந்து பாதி தூரம் போன பிறகு உதை கேட்டது. பாட்டு மட்டும் கேட்க இது பரவாயில்லை. படத்தோடு சேர்த்துத் தாங்க முடியவில்லை. கடைசியில் பெட்டியின் பின்னால் இருக்கும் ஆடியோ துளையிலிருந்து பழைய ஹோம் தியேட்டர் செட்டுக்கு வயர் இழுத்தேன். அன்று இரவு பேஸ் சரியான நேரத்தில், சரியான இடத்தில் நடந்தது. தம்பி ஒன்றும் சொல்லாமல் அதே பாட்டை மூன்று முறை போட்டான்.

ஒன்பதாவது மாதம் படத்தின் இடது மேல் மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு பச்சைத் திட்டு வந்தது. விளக்குப் பாதை முழுக்க மூடப்பட்டது என்று விளம்பரத்தில் இருந்தும் தூசி உள்ளே போயிருக்கிறது. உத்தரவாதம் ஒரு வருடம். பழுது நீக்கும் மையம் வேறு ஊரில் இருந்தது. அனுப்பும் செலவு 640 ரூபாய் என் தலையில் விழுந்தது, திரும்பி வர 23 நாள் ஆயிற்று. நான்கு முறை தொலைபேசியில் பேசியும் நாளைக்கு என்பதற்கு மேல் பதில் இல்லை. திட்டு போய்விட்டது, அதற்குப் பிறகு வரவில்லை. இப்போது பார்த்து முடித்ததும் விசிறி முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, உறை போட்டு அலமாரியில் வைக்கிறேன். மொட்டை மாடியில் பயன்படுத்துகிறவர்கள் இதை முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். விசிறிச் சத்தம் ஓர் ஆள் பெருமூச்சு விடுவதுபோல ஓயாமல் இருக்கும். ஆட்டத்தில் அது கேட்காது, மௌனமான காட்சிகளில் கேட்கும்.

கால்பந்துக்காக வாங்குவதாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ராத்திரி ஆட்டம், நாலு பேர் கூட்டம், செட்டாப் பாக்ஸ் இணைப்பு என்றால் இந்த விலையில் இதைவிட நிறைவு வேறு எதிலும் கிடைக்காது. படத்துக்காக மட்டும் வாங்குகிறவர்கள், அதிலும் இருட்டை நேசிக்கிற ஒளிப்பதிவாளர்களின் ரசிகர்கள், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து எல்சிடி தகட்டுக்குப் பதில் நுண்ணிய கண்ணாடிகளால் படம் காட்டும் டிஎல்பி வகையைப் பாருங்கள். பாட்டுக்காக என்றால் பெட்டியில் இருக்கும் ஸ்பீக்கரை இல்லாததாகவே கணக்கில் வையுங்கள். பெட்டியோடு சேர்த்து 3 மீட்டர் ஆடியோ வயர் ஒன்றும் வாங்கிவிடுங்கள், எனக்கு 180 ரூபாய் ஆயிற்று.