கோலாலம்பூர் நடுவில் சாமான்களோடு மாணவர் அறை: 34 மாதம் இருந்து பார்த்த கணக்கு

தம்பிக்குக் கோலாலம்பூரில் கல்லூரி இடம் கிடைத்ததிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு, அவனை எங்கே தங்க வைப்பது என்பதுதான். போன வாரம் வாசல் அஞ்சடியில் உட்கார்ந்து கைப்பேசியில் அறை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, ஒரு சின்ன அறைக்கு மாதம் 950 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டிருந்ததைக் காட்டி, "ஏம்மா, இந்தக் கட்டிலுக்கும் மேசைக்குமா இவ்வளவு காசு?" என்று கேட்டார். அப்பா செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர், அவருக்கு 950 வெள்ளி என்பது எத்தனை நாள் வெயில் என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களிலிருந்து எஸ்.பி.எம், எஸ்.டி.பி.எம் என்ற பள்ளி இறுதித் தேர்வுகளை முடித்துவிட்டுக் கிளம்பும் பிள்ளைகளை உட்கார வைத்து இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை.

நான் கணக்கியல் படித்தது 2022 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை. அந்த 34 மாதத்தில் மூன்று இடங்களில் இருந்தேன். முதல் 14 மாதம் நகர நடுவில், மோனோரயிலின் ராஜா சூலான் நிலையத்துப் பக்கம், சாமான்களோடு கூடிய தனி அறை. அடுத்த 14 மாதம் செந்தூலில் மூன்று தோழிகளோடு வெறும் வீடு. கடைசி ஆறு மாதம் பயிற்சி வேலைக்காக மறுபடி நகர நடுவுக்கே, இருவர் பங்கிடும் அறைக்கு வந்தேன். ஆக இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் அறை தேடிய கதை. விளம்பரத்தைப் பார்த்துத் தனியார் வீட்டுக்காரர்களுக்கும் ஏஜெண்டுகளுக்கும் போன் போட்டேன், ஒன்பது பேர். பெயரைக் கேட்டதும் நான்கு பேர் "இந்தியர்களுக்கு இல்லை" என்று நேராகவே சொன்னார்கள், இன்னும் இரண்டு பேர் அறை போய்விட்டது என்றார்கள், ஆனால் அடுத்த வாரமும் அந்த விளம்பரம் அப்படியே இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் இதை முதன்முதலாகக் கேட்கும்போது வலிக்கும். உங்களுக்கும் நடக்கலாம், உங்களிடம் குறை எதுவும் இல்லை, அடுத்த எண்ணுக்குப் போடுங்கள். கடைசியில், மாணவர்களுக்கென்றே மொத்தமாக வீடுகளை எடுத்து அறை அறையாக விடும் நிறுவனம் ஒன்றுதான் எதுவும் கேட்காமல் அடையாள அட்டையும் கல்லூரிக் கடிதமும் போதும் என்றது. வாடகை அதிகம்தான், ஆனால் கதவு திறந்தது அங்கேதான். இதை நான் கணக்கில் சேர்க்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் பலர் கூடுதல் வாடகை கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாடகை 880 வெள்ளி, வைஃபையும் தண்ணீரும் சேர்த்து. ஆனால் நுழையும்போது 880 மட்டும் போதாது. நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கென்று அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. இப்படி 3,080 வெள்ளி, ஆக்சஸ் கார்டுக்கு 100, மொத்தம் 3,180. கல்விக் கடன் பணம் செமஸ்டர் தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் கைக்கு வரும், வாடகை அதுவரை காத்திருக்காது. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. அப்போது அடகுக் கடை வட்டி மாதம் 2 விழுக்காடு, ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும், ஐந்தாவது மாதம் மீட்டோம். பிள்ளையை அனுப்பப் போகிறவர்கள் மாத வாடகையைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், அதை மூன்றரையால் பெருக்கிப் பாருங்கள்.

சரி, அறை. "ஃபுல்லி ஃபர்னிஷ்ட்" என்றால் என் அறைக்குள் ஒரு சூப்பர் சிங்கிள் கட்டில், மெத்தை, துணி அலமாரி, மேசை, நாற்காலி, ஏர்கோன் (ஏசி). வெளியே ஆறு பேருக்குப் பொதுவாகக் குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், மைக்ரோவேவ். இதில் மேசையும் நாற்காலியும் எனக்குப் பெரிய விஷயம். தோட்டத்து வீட்டில் நான் எஸ்.டி.பி.எம் வரை படித்தது சாப்பாட்டு மேசையில், தொலைக்காட்சிக்கும் அடுப்படிக்கும் நடுவில். கதவைச் சாத்திக்கொண்டு என் புத்தகங்களை விரித்தபடியே விட்டுவிட்டுத் தூங்கப் போனது அந்த அறையில்தான் முதன்முறை. முதல் செமஸ்டரில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணுக்கு அந்த மேசைக்கும் பங்கு உண்டு என்று மனதார நம்புகிறேன்.

மெத்தைதான் மோசம். மூன்றாவது வாரம் முதுகிலும் கையிலும் வரிசையாகத் தடிப்பு, கொசு என்று நினைத்தேன், மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் மூட்டைப்பூச்சி. மருந்து அடிக்க ஆள் வர பன்னிரண்டு நாள் ஆனது, அதுவரை தரையில் பாயில் படுத்தேன். எத்தனை பேர் படுத்த மெத்தை என்று யாருக்கும் தெரியாது. அதனால் அறை பார்க்கப் போகிறவர்கள் வெட்கப்படாமல் மெத்தையைப் புரட்டிப் பாருங்கள், நான்கு மூலையிலும் கைப்பேசி விளக்கை அடித்துக் கறுப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜெண்ட் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம் சமையல். ஒப்பந்தத்தில் "லைட் குக்கிங்" மட்டும் என்று இருந்தது. அதன் அர்த்தம் அங்கே போன பிறகுதான் தெரியும்: மேகி வேக வைக்கலாம், தாளிக்கக் கூடாது. அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டை ஒரே ஒரு முறை வறுத்தேன், அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் புகார். அதனால் மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு, நகர நடுவில் நாள் ஒன்றுக்கு 20 வெள்ளி சாதாரணமாகப் போகும், மாதம் 600. விளம்பரத்தில் இந்த 600 எங்கேயும் இருக்காது.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதிகச் சண்டை வந்தது இதில்தான். எங்கள் ஆறு பேரின் அறைகளிலும் ஏர்கோனுக்குத் தனி மீட்டர், யூனிட்டுக்கு 60 சென். ஓர் இரவுக்கு 5 யூனிட் வரை போனது, அதாவது 3 வெள்ளி. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மாதம் 50 வெள்ளிக்குள் வைத்துக்கொண்டேன். ஆனால் தனி மீட்டர் இல்லாமல் மொத்த பில்லைத் தலைக்கு இத்தனை என்று பிரிக்கும் வீடுகளும் உண்டு, அங்கே கவனம் தேவை. நான் இருந்த காலத்தில் வீட்டு மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறும்: முதல் 200 யூனிட் 21.8 சென், அடுத்த 100 யூனிட் 33.4, அடுத்த 300 யூனிட் 51.6, அதற்கடுத்த 300 யூனிட் 54.6 சென். தனியாக 150 யூனிட் எரித்தால் 32.70 வெள்ளிதான். அதே அளவில் ஆறு பேர் ஒரே மீட்டரில் 900 யூனிட் எரித்தால் பில் 395.60 வரும், தலைக்கு ஏறக்குறைய 66 வெள்ளி. யாரும் கூடுதலாக எரிக்காமலே இரட்டிப்பு. 2025 ஜூலையில் கட்டண முறை மாறிவிட்டது, அதனால் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உள்ளே போகும் முன் கடைசி மூன்று மாத பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

கல்லூரிக்கு எட்டு நிமிட நடை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், அது உண்மைதான், கீழே இறங்கிய பிறகு. என் அறை 27ஆவது மாடி. காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் மூன்று மின்தூக்கியில் ஒன்று பழுது என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். அறை பார்க்க மத்தியானம் வரச் சொல்வார்கள், நீங்கள் வாரநாளில் காலை எட்டரைக்குப் போய் நில்லுங்கள். அதே கட்டடத்தில் நாள் வாடகைக்கு விடும் வீடுகள் இருந்தால் வெள்ளி சனி இரவுகளில் சத்தம் தாங்காது, அதையும் பாதுகாவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அவர்கள் பொய் சொல்வதில்லை.

இன்னொன்று, பார்ட்டிஷன் அறை. கூடத்தில் பலகை அடித்து ஓர் அறையாக்கி 150, 200 வெள்ளி குறைத்து விடுவார்கள். என்னோடு படித்த ஒரு பெண் அதில் இருந்தாள். சன்னல் இல்லை, பகலா இரவா தெரியாது, தீப்பிடித்தால் வெளியேற ஒரே வழி. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நம்ம கோழிக் கூண்டுக்குக்கூடக் காத்து வருமே" என்று சொல்லி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது வேண்டாம்.

14 மாதம் முடிந்து வெளியேறும்போது என் 2,200 வெள்ளி முன்பணத்தில் திரும்பி வந்தது 900. சுவரில் கீறல், மெத்தையில் கறை, சுத்தம் செய்த கூலி என்று ஒரு பட்டியல் அனுப்பினார்கள். கறை நான் வரும் முன்பே இருந்தது, ஆனால் என்னிடம் ஒரு படம்கூட இல்லை. ஐயாயிரம் வெள்ளி வரையிலான வழக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே போடலாம் என்று ஒரு விரிவுரையாளர் சொன்னார். ஆனால் என் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கவில்லை, கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாது, அபராதத்தோடு கட்டினால்தான் செல்லும். பரீட்சை நேரம், விட்டுவிட்டேன். 1,300 வெள்ளி. இன்றைக்கும் மனது ஆறவில்லை. அதற்கடுத்த இரண்டு வீட்டிலும் முதல் நாளே ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து, சாமான் பட்டியலோடு வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினேன், முத்திரை வரி ரசீதையும் கேட்டு வாங்கினேன். இரண்டிலும் முன்பணம் முழுசாக வந்தது.

செந்தூல் வீடு வேறு மாதிரி. ரயில்வே பணிமனைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக இருந்த இடம் என்பதால் தெருவில் இறங்கினாலே ஊரில் இருப்பது போல இருக்கும், அங்கே வீட்டுக்காரரும் தமிழர், "எந்த ஊரும்மா?" என்று கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். மூன்று அறை கொண்ட அடுக்குமாடி வீடு, வாடகை 1,300, நான்கு பேருக்குத் தலைக்கு 325. உள்ளே மின்விசிறியும் விளக்கும் மட்டும்தான். நான்கு மெத்தை, பழைய குளிர்பெட்டி, பழைய துணி துவைக்கும் இயந்திரம், கேஸ் அடுப்பு, இரண்டு அலமாரி, மடக்கு மேசை எல்லாம் சேர்த்து 1,900 வெள்ளி, தலைக்கு 475. அதை 14 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 34 வெள்ளி.

அப்பாவின் கேள்விக்குப் பதில் இந்த 34தான். கட்டிலும் மேசையும் மாதம் 34 வெள்ளிக்கு மேல் பெறாது. 880க்கும் 325க்கும் நடுவே மீதியிருக்கும் 520 வெள்ளிக்கு மேல் நான் கொடுத்தது, கல்லூரி பக்கத்தில் இருந்ததற்கும், கீழே இரவும் பகலும் பாதுகாவலர் இருந்ததற்கும், தனியாகக் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்ததற்கும்.

செந்தூலிலிருந்து எல்.ஆர்.டி.யில் தித்திவங்சா, அங்கிருந்து மோனோரயில், நடையும் சேர்த்துக் கதவுக்குக் கதவு 40 நிமிடம். மை50 என்ற பயண அட்டை 50 வெள்ளிக்கு 30 நாள் எல்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் கே.எல். பஸ் எல்லாவற்றுக்கும் போதும். சமைத்துச் சாப்பிட்டதால் சாப்பாட்டுக்கு 350, பில்லுக்கு 45. மாதம் மொத்தம் 770. நகர நடுவில் வாடகை, ஏர்கோன், சாப்பாட்டோடு, ஆறு பேருக்கு ஓர் இயந்திரம் என்பதால் டோபி கடைக்குப் போன 40ஐயும் சேர்த்தால் 1,570 ஆகியிருந்தது. மாதம் 800 வெள்ளி வித்தியாசம், அப்பாவிடம் அந்த 14 மாதமும் நான் வாடகைக்குக் காசு கேட்கவில்லை.

அப்படியென்றால் ஏன் திரும்ப நகர நடுவுக்குப் போனேன்? தணிக்கை அலுவலகப் பயிற்சியில் கணக்கு முடிக்கும் காலத்தில் இரவு பதினொன்று, பதினொன்றரை ஆகும், ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும், தனியாக நடந்து வருவதை நினைத்து அம்மா தூங்கவே இல்லை. இருவர் பங்கிடும் அறை தலைக்கு 620, ஆறு மாத ஒப்பந்தம். அந்த ஆறு மாதமும் அந்தக் காசுக்கு முழு மதிப்பு இருந்தது.

முதல் ஆண்டும் அப்படித்தான். முதன்முதலில் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, எங்கள் ஊர்க்காரரான பழைய அமைச்சர் துன் சம்பந்தன் பெயரில் இருக்கும் சாலையில் நின்றபோது எனக்குக் கிழக்கு மேற்கு தெரியவில்லை. அந்த நிலையில் நான்கு பேரைச் சேர்த்து வீடு பிடித்து அடுப்பு வாங்கு என்றால் யாராலும் முடியாது. ஆனால் 14 மாதம் தேவையே இல்லை, ஒரு செமஸ்டரிலேயே ஊரும் ஆட்களும் பழகிவிட்டார்கள். எல்லாரும் போட்டார்களே என்று நானும் பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன், முடிந்த பிறகும் வீடு தேட நேரமில்லை என்று இரண்டு மாதம் இழுத்தேன். எட்டு நிமிட நடை எந்த மாதங்களில் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டும் என்று பார்த்து அந்த மாதங்களுக்கு மட்டும் அந்தக் காசைக் கொடுங்கள், மூன்று வருடத்துக்கும் கொடுக்காதீர்கள்.

தம்பிக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் இருவர் பங்கிடும் அறை ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன், 650 வெள்ளி, சன்னல் உண்டு, பில்லைக் காட்டினார்கள், முத்திரை வரி அவர்களே கட்டுகிறார்கள். மெத்தையை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. நானும் அவனும் ஞாயிறு மாலை ரயிலில் போய்ச் சித்தி வீட்டில் தங்கி, திங்கள் காலை எட்டரைக்கு அந்தக் கட்டடத்து மின்தூக்கி முன் நிற்கப் போகிறோம்.