கார்டியனை மாற்ற: விலகல் மனுவா, நீக்கல் மனுவா?

மைனர் பிள்ளையையோ அதன் சொத்தையோ பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமித்த கார்டியனை (காப்பாளரை) மாற்ற, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் (Guardians and Wards Act) இரண்டு வழிகள் உண்டு. அவரே விலக மனுப் போடுவது பிரிவு 40. மற்றவர்கள் அவரை நீக்கக் கேட்பது பிரிவு 39. உயில் மூலம் வந்தவர் என்றாலும் 39 பொருந்தும். 40 நீதிமன்றம் நியமித்தவருக்கோ, கார்டியன் என்று அறிவித்தவருக்கோ மட்டும்தான். கார்டியன் விலகல் மனுவில் கையெழுத்துப் போட இசைந்தால், எவ்வளவு கோபம் இருந்தாலும் 40-ஐயே எடுங்கள்.

39-இல் சொத்தைக் கையாடியது, கடமை தவறியது, பிள்ளையைக் கொடுமைப்படுத்தியது என்று பத்துக் காரணங்கள் இருக்கின்றன. எதைச் சொன்னாலும் நிரூபிக்க வேண்டும். குறுக்கு விசாரணை, வாய்தா என்று இழுக்கும். நடுவில் தவிப்பது பிள்ளை.

40-இல் போதிய காரணம் காட்டினால் போதும்: நோய், முதுமை, இடமாற்றம். ஆனால் விலகல் மனுவை மட்டும் போட்டுவிடாதீர்கள். உத்தரவில் 'விடுவிக்கப்பட்டார்' என்று மட்டும் வந்தால், பிள்ளையின் டெபாசிட்டைப் புதுப்பிக்கக் கையெழுத்திட ஆளிருக்காது. புதியவரை நியமிக்கும் மனுவையும் கூடவே போட்டு, இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் கேளுங்கள். புதியவரின் சம்மதக் கடிதத்தில் இரண்டு சாட்சிகளாவது சான்றொப்பமிட வேண்டும். இது விட்டுப்போனால் மனு திரும்பிவரலாம்.

40-இன் பக்கம் சாயவைப்பது கணக்கு ஒப்படைப்புதான். எந்த வழியில் போனாலும், பிரிவு 41-இன்படி பழையவரிடம் சொத்தையும் கணக்கையும் நீதிமன்றம் கேட்கலாம். மனமொத்து விலகுபவர் பாஸ்புக், டெபாசிட் ரசீது, வாடகை ரசீது, மூலப்பத்திரம் எல்லாவற்றையும் தானே கொண்டுவருவார். நீக்கப்பட்டவர் 'எல்லாம் பிள்ளைக்கே செலவாகிவிட்டது' என்பார். ஒப்படைக்காவிட்டால் அபராதம் முதலில் 100 ரூபாய் வரை, பிறகு நாளுக்கு 10 ரூபாய் வரை, இந்தத் தொடர் அபராதம் மொத்தம் 500-க்கு மேல் போகாது. யார் பயப்படுவார்கள்? சிவில் சிறைக்கும் இடமுண்டு, ஆனால் அதுவரை கொண்டுபோவதே தனிப் போராட்டம். பழையவர் பொறுப்பிலிருந்து விடுவிப்பு கேட்டால், டெபாசிட் வட்டிவரை வரிவரியாகச் சரிபார்க்காமல் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொடுக்காதீர்கள். பின்னால் தெரியவரும் மோசடிக்கு அந்த விடுவிப்பு செல்லாது. என்றாலும் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

அடி, பட்டினி, கரையும் பணம் என்றால் யோசிக்கவே வேண்டாம், 39தான். பிள்ளையின் பராமரிப்பு பற்றியதைக் குடும்ப நீதிமன்றத்திலும், சொத்து பற்றியதைப் பொதுவாக மாவட்ட நீதிமன்றத்திலும் போட வேண்டும். இறுதி உத்தரவுவரை காத்திராமல் பிரிவு 12-இல் இடைக்காலப் பாதுகாப்பும், வங்கியில் பணம் எடுக்கத் தடையும் கேளுங்கள். உத்தரவின் சான்றிட்ட நகல் கிடைத்த அன்றே கிளை மேலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.