சைக்கிளும் இடுப்புப் பிடிப்பும்: சீட்டைத் திருத்துவதா, ஸ்ட்ரெச்சிங்கா, தசைப் பயிற்சியா?

சைக்கிள் ஓட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று சொல்லிப் பாருங்கள். சீட்டைச் சரிசெய் என்பார் ஒருவர், ஸ்ட்ரெச்சிங் பண்ணு என்பார் இன்னொருவர், வயிற்றுக்கும் பிட்டத்துக்கும் பயிற்சி கொடு என்பார் மூன்றாமவர். மூன்றிலும் விஷயம் இருக்கிறது, ஆனால் ஒரே கோளாறுக்கு அல்ல. பிடிப்பு எப்போது வருகிறது என்று கவனித்தால், எதில் தொடங்கலாம் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வலித்தால் முதல் சந்தேகம் சைக்கிள் மேல்தான். சீட் அதிக உயரத்தில் இருந்தால், கீழே போகும் பெடலை எட்டுவதற்காக இடுப்பு வலமும் இடமும் சரியும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 சுற்று. அத்தனை முறையும் கீழ்முதுகு இழுபடுகிறது. சீட் தாழ்ந்திருந்தால் தொல்லை வேறு: பெடல் மேலே வரும்போது முழங்கால் வயிற்றை நோக்கி ஏறி, இடுப்பு மூட்டின் முன்பக்கம் நெரிபடும். குதிகாலைப் பெடலில் வைத்து மிதித்துப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சுமார் 25 முதல் 35 டிகிரி மடிப்பு இருக்கும். திருத்தும்போது சில மில்லிமீட்டராக நகர்த்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி நகர்த்துங்கள்.

ஹேண்டில்பார் தூரமாக இருந்தாலும் முதுகு வளையும். ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாகப் போட்டால் சரியாகும். முழங்கால் மேலே ஏறி நெரிபடுவதுதான் தொல்லை என்றால், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கை 170 மில்லிமீட்டரிலிருந்து 165 ஆக்கி, சீட்டையும் 5 மில்லிமீட்டர் ஏற்றினால், மேலே வரும் பெடலுக்கும் சீட்டுக்கும் இடையே 10 மில்லிமீட்டர் இடம் கூடுதலாகக் கிடைக்கும். நல்ல தீர்வுதான். ஆனால் காசு கேட்காத சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இதற்குப் போவதில் அர்த்தமில்லை.

ஓட்டும்போது வலி இல்லை, இறங்கியதும் நிமிர முடியவில்லை என்றால் ஸ்ட்ரெச்சிங் உதவும். சைக்கிளில் தொடை ஒருபோதும் முழுதாகப் பின்னால் நீள்வதில்லை. தொடையைத் தூக்கும் முக்கியமான தசை கீழ்முதுகெலும்பில் தொடங்கித் தொடை எலும்பில் முடிகிறது. அது இறுகினால் முதுகையும் சேர்த்து இழுக்கும். ஆனால் பலர் செய்வது என்ன? குனிந்து கால்விரலைத் தொடுகிறார்கள். அவ்வளவு நேரம் குனிந்தே இருந்த முதுகை மறுபடியும் குனியவைப்பானேன்? ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, அந்தப் பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி, முதுகை வளைக்காமல் இடுப்பை முன்னே நகர்த்தி, பக்கத்துக்கு 30 விநாடி நிற்பதுதான் இங்கே பொருத்தம். ஓட்டுவதற்கு முன் இது வேண்டாம். காலை முன்னும் பின்னும் வீசினால் போதும்.

முதல் ஒரு மணி நேரம் சுகமாகப் போய், களைத்த பிறகோ மேட்டில் ஏறும்போதோ முதுகு பிடித்தால், குறை பலத்தில் இருக்கலாம். பிட்டமும் வயிறும் தளர்ந்ததும் அந்த வேலை கீழ்முதுகின் தலையில் விழுகிறது. பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது), மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, இவை போதும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதுவரை கனமான கியரில் முக்கி மிதிக்காமல், கியரை இறக்கி வேகமாகச் சுற்றுங்கள். 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள்.

என் தேர்வு: முதலில் சீட், அப்புறம் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சி. நேரமில்லை என்றால் ஸ்ட்ரெச்சிங்கைத்தான் விடுவேன். அது தரும் தளர்வு அடுத்த சவாரிவரை தாங்குவதில்லை. ஆனால் நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்கள் அதை விடக்கூடாது, அவர்களுக்கு அந்தத் தசை சைக்கிளில் ஏறும் முன்பே இறுகியிருக்கும்.

வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ மூன்றையும் ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.