12 கோடு காட்டிய காரும் என் 31½ இலட்சமும்

31 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கே தொடங்கினாலும் கோபம் என்னை அந்தத் தொகையிடம்தான் கொண்டுபோய் நிறுத்தும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய மின்சாரக் கார் வாங்கும் எண்ணத்தோடு இருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். எவற்றையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று முடிவில் விரிவாகச் சொல்கிறேன். விற்ற மனிதர் நேற்று மாலைதான் என் தொலைபேசி இலக்கத்தைத் தடை செய்தார். கை நடுக்கம் இன்னும் அடங்கவில்லை.

அவருடைய பெயரையோ கடையின் பெயரையோ எழுத மாட்டேன். எழுதினால் மானநஷ்டம் என்று என் மேலேயே திருப்புவார்கள் என்று எங்கள் குடும்பத்துச் சட்டத்தரணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தில், பிரதான வீதியை ஒட்டி, தகரக் கூரையின் கீழே கார்களை வரிசையாக நிறுத்தி விற்கும் இடங்களில் ஒன்று. அவ்வளவுதான். எந்த ஊர்க்காரர், எந்தச் சமூகத்தவர் என்று கேட்டுக்கொண்டு ஒருவரும் என்னிடம் வர வேண்டாம். அந்தக் கதையை வளர்ப்பதற்கு நான் ஆளில்லை. போனது என் காசு.

நான் இருப்பது களுவாஞ்சிகுடியில், படிப்பிப்பது மட்டக்களப்பு நகரத்தில். போக ஏறத்தாழ 30 கிலோமீற்றர், வர அதே அளவு. 2022இல் பெற்றோலுக்காக இரவிரவாக வரிசையில் காத்துக் கிடந்த எவருக்கும், வீட்டுச் சுவரில் செருகி ஓட்டலாம் என்ற நினைப்பே ஒரு நிம்மதி. எங்கள் வீதியிலோ ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். ஆனாலும் வரியோடு சேர்த்துப் புதுக் கார் வாங்க ஆசிரியர் சம்பளம் எங்கே காணும்? அதனால்தான் பழையது தேடினேன். வங்கிக் கடன் பாதி, சீட்டுக் காசு கொஞ்சம், மீதிக்கு அம்மாவின் காப்பு. இப்படிச் சேர்ந்ததுதான் அந்த 31 இலட்சத்து 50 ஆயிரம்.

கார் ஒரு நிசான் லீஃப். 2013இல் ஜப்பானில் செய்தது, 2015இல் இங்கே பதிவானது, 24 கிலோவாட் மணி பற்றரி. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: காரைச் செய்தவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. இந்தப் பற்றரியைக் குளிர்விக்கத் திரவம் ஓடும் குழாய் எதுவும் கிடையாது. எங்கள் வெயிலில் பத்து வருடத்துக்கு மேல் கிடந்தால் அது தேயத்தான் செய்யும். தேய்ந்ததைத் தேய்ந்தது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

அந்த மனிதர் எப்படி நம்ப வைத்தார் என்பதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. போனதும் தேத்தண்ணீர் வந்தது. என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். அந்த நொடியிலிருந்து நான் “டீச்சர்” ஆகிவிட்டேன். காரைத் திறந்து, இயக்கும் பொத்தானை அழுத்தி, திரையின் வலப்பக்க ஓரத்தைக் காட்டினார். “டீச்சர், இங்கே தெரியும் சின்னக் கோடுகள்தான் பற்றரியின் ஆயுள். புதுக் காரில் 12 இருக்கும். நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம்.” பிறகு என் மகனின் தோளில் கை வைத்து, “மகன், நீங்கள் எண்ணுங்கள் பார்ப்போம்” என்றார். பிள்ளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். 12. மறுபடியும் எண்ணச் சொன்னார். 12.

இவ்வளவு பழைய காரில் 12 எப்படி இருக்க முடியும் என்று கேட்டேன். அதற்கும் பதில் தயாராக இருந்தது. முன்னைய உரிமையாளர் மலைநாட்டுக்காரராம், குளிர் பிரதேசத்தில் ஓடிய வண்டியாம், நிழலில் வைத்துப் பராமரித்தாராம். கடைசியில் ஒன்று சொன்னார்: “என் மகள் இந்த வருடம் புலமைப்பரிசில் எழுதுகிறாள். ஒரு டீச்சரிடம் பொய் சொல்லிக் காசு வாங்கினால் அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறுமா?” அன்றைக்கே முற்பணம் கொடுத்தேன். மீதியை வங்கிக் காசோலையாகக் கொடுத்துக் காரை எடுத்தேன்.

“டீச்சராக இருந்துமா ஏமாந்தீர்கள்?” என்று இப்போது கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாய்ச்சொல்லை நம்பி நான் காசு கொடுக்கவில்லை. காரின் சொந்தத் திரை காட்டியதை என் பிள்ளை எண்ணிச் சொன்னான். அந்தத் திரையையே பொய் சொல்ல வைக்கலாம் என்று யார் கண்டது?

முதலில் கருகியது செருகி. அவர்கள் தந்த ஜப்பான் சார்ஜ் வயரின் முனையில் சாதாரண 13 ஆம்பியர் செருகியைப் பூட்டியிருந்தார்கள். அந்த வயர் மணிக்கணக்கில் ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும். விடியற்காலையில் பிளாஸ்டிக் நாற்றம் வந்துதான் எழுந்தோம். சுவரில் கறுப்புத் தழும்பு. மின்வேலை செய்யும் தம்பி வந்து, மெயினிலிருந்து தனி வயர் இழுத்து, 15 ஆம்பியர் உருண்டை முள் செருகியும் பூமித் தொடுப்பும் போட்டுத் தந்தார். கடைக்காரரிடம் சொன்னபோது சிரித்தார். “அது உங்கள் வீட்டு வயரிங், டீச்சர்.” சரி, போகட்டும் என்று விட்டேன்.

அடுத்தது ஓட்டம். முழு சார்ஜில் திரை 158 கிலோமீற்றர் என்று காட்டும். காலையில் நகரத்துக்குப் போய்ச் சேரும்போது 70 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். திரும்பும் வழியில்தான் சரிவு. ஆரையம்பதி வரை ஒரு மாதிரி, அதற்குப் பிறகு பார்க்கப் பார்க்க இலக்கம் விழும். வீட்டு வாசலில் ஒற்றை இலக்கம். தொலைபேசியில் கேட்டேன். “பற்றரி உங்கள் ஓட்டத்துக்குப் பழக வேண்டும், ஒரு மாதம் பொறுங்கள்” என்றார். பிறகு ஏசி போடாதீர்கள் என்றார். சித்திரை வெயிலில், கண்ணாடி ஏற்றிய காரில்! பிறகு, பெண்கள் மிதியைப் பலமாக மிதிப்பார்கள் என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

பொறுத்திருந்த காலத்தில் ஓரக் கோடுகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. முதலில் கவனித்தவன் மகன்தான். “அம்மா, 11தான் இருக்கிறது.” பிறகு 10. பிறகு 9. ஒவ்வொரு முறையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழும், பதில் வராது. ஒருநாள் குரல் பதிவு வந்தது: உள்ளே இருக்கும் சின்ன 12 வோல்ட் பற்றரி பழையது, அது பலவீனமாக இருந்தால் திரை தாறுமாறாகக் காட்டும், மாற்றுங்கள். விசாரித்தபோது சின்னப் பற்றரி இந்தக் காரில் வேறு விதமான கோளாறுகளைக் காட்டும் என்பது உண்மைதான் என்றார்கள். நம்பி 28 ஆயிரம் கொடுத்து மாற்றினேன். மறுவாரம் 8.

கிரான்குளத்தில் நின்றது அதற்குப் பிறகு. அன்று நகரத்தில் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். திரையில் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தது. திடீரென்று ஓர் ஆமைப் படம் தோன்றியது. வேகம் செத்துவிட்டது. பின்னால் பஸ், அதன் பின்னால் லொறி, எல்லோரும் ஹோர்ன் அடிக்கிறார்கள். ஓரத்துக்கு வந்ததும் முழுவதுமாக நின்றுவிட்டது. வாகனத்தில் கட்டி இழுத்தால் மோட்டார் கெட்டுவிடும் என்று எங்கோ வாசித்த நினைவு. அதனால் சந்தியில் நின்ற பிள்ளைகள் கையால் தள்ளி ஒரு வீட்டு வளவுக்குள் விட்டார்கள். அந்த வீட்டு அம்மா தன் 15 ஆம்பியர் செருகியைத் தந்து, இரவு ஒன்பது மணி வரை சார்ஜ் ஏற்ற விட்டு, எனக்கும் பிள்ளைக்கும் இடியப்பம் தந்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் தன் மின்சாரத்தைச் சும்மா தருகிறார். 31½ இலட்சம் வாங்கியவருக்கு ஒரு பதில் எழுத மனமில்லை.

மட்டக்களப்பில் ஹைபிரிட் கார்கள் திருத்தும் தம்பி ஒருவரிடம் காட்டினேன். அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்ன புளூடூத் கருவியைச் செருகி, கைபேசியில் லீஃப் ஸ்பை என்ற செயலியைத் திறந்தார். சில நிமிட வேலைதான். பற்றரி நலம் 56 சதவீதம். பெரிய பற்றரி 96 சோடிக் கலங்களைச் சேர்த்துச் செய்தது. செயலியில் ஒவ்வொரு சோடியும் ஒரு கோடாக, 96 கோடுகள் தெரிந்தன. எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். இரண்டு மட்டும் பள்ளத்தில் கிடந்தன. அந்த இரண்டும் முதலில் சோர்ந்துவிடுவதால்தான் மற்றவற்றில் சக்தி இருக்கும்போதே கார் ஆமையாகிறதாம்.

“அக்கா, இதை யாரோ ரீசெட் செய்து விற்றிருக்கிறார்கள்” என்றார். பற்றரியின் கணக்கைப் பார்க்கும் கணினியில் பழைய பதிவை அழித்துவிட்டால், அது இந்தப் பற்றரியைப் புதியது என்று எண்ணி 12 கோட்டையும் காட்டுமாம். பற்றரிக்குள் ஒன்றும் மாறுவதில்லை. ஓடி ஓடி, சார்ஜ் ஏறி ஏறி, சில வாரங்களில் கணினி உண்மை நிலையைக் கண்டுபிடித்துக் கோடுகளை இறக்கும். முதல் கோடு போகும்போதே ஏறக்குறைய 15 சதவீதம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். இப்போது என் காரில் நிற்பது 7.

சில வாரங்கள். இப்போது புரிகிறதா அந்த “ஒரு மாதம் பொறுங்கள்”? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. பழகட்டும், ஏசி போடாதீர்கள், சின்னப் பற்றரியை மாற்றுங்கள் என்று அவர் சொன்ன ஒவ்வொன்றும் அந்த மூன்று மாதத்தைத் தின்றது. தெரியாமல் சொன்னார் என்று இனி யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

செயலி காட்டியதைப் படம் எடுத்துக்கொண்டு, என் கணவரையும் அழைத்துக்கொண்டு நேரில் போனேன். இந்த முறை தேத்தண்ணீரும் இல்லை, டீச்சரும் இல்லை. “நாங்கள் தரகர் மட்டும்தான். உரிமையாளரிடம் கேளுங்கள்.” உரிமையாளர் யார்? பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயர் குருநாகல் பக்கத்து ஒருவருடையது. அவரைத் தேடிப் பிடித்துப் பேசினால், அவர் அந்தக் காரை எப்போதோ விற்றுவிட்டாராம். மாற்றப் படிவத்தில் கையொப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டு, கைமாறிக் கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. அந்த மனிதரும் மலைநாட்டுக்காரர் இல்லை. குளிர் பிரதேசக் கதையும் அதோடு போயிற்று.

திரும்பவும் கடைக்கு. பற்றுச்சீட்டைப் புரட்டிக் காட்டினார்கள். அடியில், எறும்பு அளவு ஆங்கில எழுத்தில், உள்ள நிலையில் விற்கப்பட்டது, பிறகு கேள்வி கேட்க முடியாது என்று அச்சடித்திருக்கிறது. “கையொப்பம் உங்களுடையதுதானே?” பாதிக் காசையாவது தாருங்கள், காரை வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். 18 இலட்சத்துக்குத் திருப்பி எடுப்பாராம்! 31 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு விற்றதை, அந்தச் சீட்டின் மை காய்வதற்கு முன்னரே 18க்குக் கேட்கிறார். வேறு பற்றரி போட்டால் மொத்தச் செலவு 40 இலட்சத்தைத் தாண்டும். மாலையில் கடைசியாக ஒரு செய்தி அனுப்பினேன், உங்கள் மகளின் படிப்பு எப்படிப் போகிறது என்று. அதற்குத்தான் இலக்கத்தைத் தடை செய்தார்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது பொறுமை இல்லை, நாளைக்குள் முறைப்பாட்டுக் கடிதத்தை முடிக்க வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். லீஃப் ஸ்பையும் புளூடூத் கருவியும் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் ரீசெட் செய்த புதிதில் செயலியின் நலக் கணக்கும் பொய்யாகவே இருக்கலாம். ஆகவே முழு சார்ஜில் எடுத்து, உங்கள் அன்றாடத் தூரத்தை ஏசி போட்டு ஓட்டிப் பார்த்து, சார்ஜ் குறைந்த நிலையில் செயலியின் 96 கோடுகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். அதற்கு விடமாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பதிவுப் புத்தகத்தில் இருப்பவர் நேரில் வராமல் காசு கொடுக்காதீர்கள். பற்றரி நலம் இத்தனை சதவீதம் என்று தமிழிலோ சிங்களத்திலோ எழுதி வாங்குங்கள். கோளாறு தெரிந்தால் “பொறுங்கள்” என்பதைக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்டு, எழுத்திலும் அனுப்புங்கள்.

இன்று காலை அதே முற்றத்தில் இன்னொரு லீஃப் நிற்பதாக விளம்பரம் பார்த்தேன். சாம்பல் நிறம், 2014, “12 பார், குளிர் பிரதேச ஓட்டம்”. பார் என்றால் அதே கோடுதான். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை யாராவது அதைப் பார்க்கப் போவதாக இருந்தால் முற்பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். கருவி இப்போது என்னிடமும் இருக்கிறது. சனி, ஞாயிறு என்றால் நானே கொண்டு வருகிறேன்.