இலை வண்ண அட்டை: மூன்று போகம் கையில் வைத்திருந்த அனுபவம்

யூரியாவைக் குறைக்கச் சொன்னால் விவசாயிக்கு முதலில் வருவது பயம்தான். மகசூல் விழுந்தால் யார் தருவார்கள்? வயலில் இருந்து வடியும் உரத்தண்ணீரால்தான் வாய்க்காலில் பாசி படர்கிறது என்று சொல்லக் கேட்டு வருத்தப்பட்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு கைப்பிடி உரத்தைக் குறைத்ததில்லை. இந்த இலை வண்ண அட்டை வந்த பிறகுதான் குறைத்தேன்.

நெல் இலையின் நிறத்தோடு ஒப்பிட்டு, யூரியா போட வேண்டுமா என்று பார்க்கும் பிளாஸ்டிக் பட்டை இது; சட்டைப்பையில் அடங்கும். மஞ்சள் கலந்த பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை ஆறு கட்டங்கள். நான்கு கட்டத்திலும் கிடைக்கிறது. நெல் நட்ட 14ஆம் நாளில் இருந்து பூக்கும் வரை, 7 முதல் 10 நாளைக்கு ஒரு தடவை பார்க்கிறேன். காலை 8 மணிக்கு மேல் 10 மணிக்குள், வெயிலுக்கு முதுகைக் காட்டி, என் நிழல் இலைமேல் விழும்படி நிற்பேன். முழுசாக விரிந்த மேல் இலையைப் பறிக்காமல், அதன் நடுப்பகுதியைக் கட்டத்தின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். என் ரகத்துக்கு எல்லை 4ஆம் கட்டம். பத்துப் பயிரில் ஆறு அதைவிட வெளிறியிருந்தால் உரம் போடுவேன். இல்லையென்றால் மூட்டையைப் பிரிப்பதில்லை.

முதல் போகம் ஓரத்து வயல் ஒன்றில் மட்டும் பார்த்தேன். இரண்டாவது மேலுரம் (வளரும் பயிருக்குத் தூவும் யூரியா) வழக்கமாகப் போடும் நாள் வந்தது. எண்ணிப் பார்த்தால் மூன்று இலைதான் வெளிறல். கை பரபரத்தது, போடவில்லை. அன்று ராத்திரி கொட்டிய மழையில் வரப்பு வழிந்து ஓடியது. போட்டிருந்தால் பாதி வாய்க்காலுக்குத்தான் போயிருக்கும். அறுவடையில் அந்த வயல் மற்ற வயல்களுக்குச் சளைக்கவில்லை. வழக்கம்போல் யூரியா போட்டுக் கரும்பச்சையாகச் செழித்திருந்த நடுவயலில்தான் தூரைப் பிரித்தால் புகையான் பூச்சி மொய்த்தது, பயிரும் சாய்ந்தது. அடுத்த போகம் எல்லா வயலுக்கும் அட்டைதான்.

குறையும் உண்டு. இது தழைச்சத்துக்கு (யூரியாவில் உள்ள நைட்ரஜனுக்கு) மட்டும்தான். நீர்நிலையில் பாசி பெருக மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பெரிய காரணம்; அதற்கு மண் பரிசோதனைதான் வழி. துத்தநாகக் குறைவாலும் இலை வெளிறும், அட்டை அதைப் பிரித்துச் சொல்லாது. எந்த ரகத்துக்கு எந்தக் கட்டம் எல்லை என்று எனக்கு வந்த அட்டையில் அச்சடிக்கவில்லை, விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம், ஒருவரே தொடர்ந்து பார்ப்பது நல்லது. நானும் என் மகனும் பார்த்தால் ஒரு கட்டம் வித்தியாசம் வருகிறது.

பக்கத்து வயல்காரரிடம் நான் எதுவும் சொன்னதில்லை. மூன்று போகமும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், போன வாரம் அவராகவே வந்து அட்டையை வாங்கிப் போனார். நான் இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.