வி-மெயில்: சிப்பாயின் கடிதத்தைச் சுருக்கிய தபால் சேவை

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பயிற்சியில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் தன் மனைவிக்கு எழுதப் பயன்படுத்திய வி-மெயில் சேவையை இன்றைய வாடிக்கையாளரின் கண்ணோடு பார்த்தால், வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம்; அந்தரங்கத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

1942 ஜூனில் தொடங்கிய இச்சேவையில், அதற்கென அச்சிட்ட ஒற்றைத் தாளில் எழுதிய கடிதத்தைத் தணிக்கை செய்து, 16 மி.மீ. நுண்படச்சுருளில் படமெடுத்து, சுருளை மட்டும் அனுப்பி, அமெரிக்காவில் மீண்டும் தாளில் அச்சிட்டு வீட்டில் சேர்த்தார்கள். 37 சாக்குகளை நிரப்பக்கூடிய 1,50,000 கடிதங்கள் ஒரே சாக்கில் அடங்கின. சிப்பாய்க்குத் தபால்தலைச் செலவும் கிடையாது.

ஆனால் மனைவியின் கைக்கு வந்தது, மூலத்தில் ஏறக்குறைய கால்பங்கு அளவே உள்ள நகல். பொடி எழுத்தில் நெருக்கி எழுதும் கணவர் வாய்த்தவர் பூதக்கண்ணாடியைத்தான் தேட வேண்டும். அவர் கைபட்ட தாள் வீட்டுக்கு வரவே வராது, அதை அழித்துவிடுவார்கள். மனைவியரின் பதில்களுக்கும் தொல்லை இருந்தது: தாளில் பதித்த உதட்டுச்சாய முத்தம் படமெடுக்கும் இயந்திரத்தில் அப்பிக்கொண்டு வேலையைக் கெடுத்தது. கணவனின் ஆசை வார்த்தைகளை முதலில் படித்தவரோ பெரும்பாலும் அவனுடைய பிரிவின் அதிகாரியே, மறுநாள் அணிவகுப்பில் அவன் முகம் பார்த்து நிற்க வேண்டிய அதே மனிதர்.

நலம் விசாரிக்கவும் சம்பளப் பணம் பற்றிச் சொல்லவும் இச்சேவை போதும். பக்கம் பக்கமாக எழுத நினைப்பவருக்கு உறையிட்ட சாதாரணத் தபாலே மேல். அதையும் தணிக்கையாளர் பிரித்துப் படிப்பார் என்பது வேறு விஷயம்.